பௌத்தப் பயிற்சியைத் தொடங்குவது எப்படி? கண்ணை மூடி உட்காரும் முன் செய்ய வேண்டியவை

பௌத்தம் பக்கம் மனம் திரும்பியதும் பெரும்பாலானோர் முதலில் செய்வது, ஒரு மெத்தையைப் போட்டுக் கண்ணை மூடி உட்காருவதுதான். இரண்டு வாரம் ஓடும். அப்புறம் கால் வலி, தூக்கம், சலிப்பு, கடைசியில் 'நமக்கு இதெல்லாம் வராது' என்ற முடிவு. தொடங்கிய இடம் சரியில்லாததால் வருகிற வினை இது.

புத்தர் இல்லறத்தாரிடம் எப்படிப் பேசினார் என்று பாலி மொழியிலுள்ள பழைய பௌத்த நூல்களில் தேடினால் ஒரே வரிசை திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் தானம் பற்றிச் சொல்வார். பிறகு சீலம், அதாவது ஒழுக்கம். அதனால் கிடைக்கும் நன்மைகள், புலனின்பத்தைத் துரத்துவதில் உள்ள தொல்லைகள், விடுவதில் கிடைக்கும் நிம்மதி என்று பேச்சு நகரும். கேட்பவரின் மனம் இளகிவிட்டது என்று தெரிந்த பிறகே நான்கு வாய்மைகளுக்கு வருவார். இல்லறத்தார் பெருந்திரளாகத் தியானம் பழகுவது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில் பர்மாவிலிருந்து பரவிய வழக்கம். லெடி சயாடோ (1846–1923) போன்ற பிக்குகள், அதாவது பௌத்தத் துறவிகள், அதற்கு அடித்தளம் போட்டார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் அது மட்டும் தனியாகக் கழன்று வந்து, பௌத்தம் என்றாலே தியானம் என்று ஆகிவிட்டது. இங்கே பழைய வரிசையிலேயே போவோம்: முதலில் நடத்தை, அடுத்து உட்காருவது, முறைப்படி பௌத்தராவது எல்லாம் கடைசியில்.

மதம் மாற வேண்டுமா?

தொடங்குவதற்கு வேண்டியதில்லை. நாளந்தாவைச் சேர்ந்த உபாலி என்ற செல்வந்தர், சமணத் தலைவரான நிகண்ட நாதபுத்தரின் முக்கிய ஆதரவாளர். வாதத்தில் புத்தரை மடக்கப் போனவர், கடைசியில் 'என்னை உபாசகனாக (இல்லறச் சீடனாக) ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று கேட்டார். புத்தர் உடனே தலையாட்டவில்லை. நன்றாக விசாரித்து முடிவு செய்யுங்கள், உங்களைப் போன்ற பெயர் பெற்றவர்கள் அப்படிச் செய்வதே நல்லது என்றார். உபாலி உறுதியாக நின்றபோது, இவ்வளவு காலம் நிகண்டர்களுக்கு, அதாவது சமணத் துறவிகளுக்கு, கொடுத்துவந்த உணவை நிறுத்திவிடாதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். வீட்டில் வேறு வழிபாடு இருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம்பிக்கை எவ்வளவு தேவை என்ற கேள்விக்கு வழக்கமாகக் காட்டப்படுவது காலாம சூத்திரம். கேசபுத்தம் என்ற ஊருக்கு ஆளுக்கொரு கொள்கையோடு ஆசான்கள் வந்து போகிறார்கள், யாரை நம்புவது என்று காலாமர்கள் கேட்டார்கள். காதில் விழுந்தது, பரம்பரையாக வந்தது, நூலில் இருப்பது, தர்க்கத்துக்குப் பொருந்துவது, 'இவர் நம் குரு' என்பது, இவற்றை மட்டும் வைத்து ஏற்காதீர்கள் என்றார் புத்தர். இதைச் சிலர் 'மனசுக்குப் பிடித்ததை வைத்துக்கொள், மற்றதை விட்டுவிடு' என்று சுருக்கிவிடுகிறார்கள். அது அநியாயம். செய்து பார்த்தால் துன்பம் வருகிறதா, நன்மை வருகிறதா, அறிவுடையோர் அதைக் கண்டிக்கிறார்களா, பாராட்டுகிறார்களா என்று பார்க்கும் கடினமான வேலையும் அதே உரையில் இருக்கிறது.

மறுபிறப்பை நம்ப முடியவில்லையா? அதற்கும் அங்கேயே பதில் உண்டு. மறுமை என்று ஒன்று இருந்தால் பகையில்லாமல் வாழ்ந்தவனுக்கு அங்கே நல்லது. இல்லாவிட்டாலும் இங்கேயே நிம்மதியாக வாழ்ந்தான். கேள்வியைத் திறந்தே வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போகலாம். கடவுள் விஷயத்தில் நிலைப்பாடு தெளிவு: உலகைப் படைத்த ஒருவர் என்ற கருத்துக்கு இங்கே இடமில்லை. தேவர்கள் வருவார்கள், ஆனால் அவர்களும் பிறந்து இறப்பவர்களே.

நான்கு வாய்மைகள், நான்கு வேலைகள்

ஞானம் பெற்ற பின் புத்தர் ஆற்றிய முதல் உரை, இன்று சாரநாத் எனப்படும் இசிபதனத்து மான் வனத்தில், ஐந்து துறவிகளுக்குச் சொன்னது. துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, முடிவுக்கான வழி என்ற நான்கையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். அதே உரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை ஒதுக்கப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. துக்கத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். காரணமான வேட்கையை விட வேண்டும். முடிவை நேரில் காண வேண்டும். வழியை வளர்க்க வேண்டும். நாம் பொதுவாக முதல் வேலையிலேயே தடுக்கி விழுகிறோம். துக்கத்தைப் புரிந்துகொள்வதற்குப் பதில் அதை விரட்டப் பார்க்கிறோம்.

இதற்கு ஒரு சின்னப் பயிற்சி. பெரிய சோகங்களைத் தொடாதீர்கள், அன்றாட எரிச்சல் போதும். செய்தி அனுப்பினீர்கள், நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் வரவில்லை. உள்ளே ஏதோ கனக்கிறது. அந்தக் கனம் உடம்பில் எங்கே என்று பாருங்கள். இப்போது எனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்; 'அவர் என்னை மதிக்க வேண்டும்' என்பது போல ஒன்று வெளியே வரும். அப்படியே கவனித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் பிடி தளரும், சில நேரம் தளராது. தளர்ந்தால் அந்த நிமிடத்தையும் கவனியுங்கள். வாரத்துக்கு நான்கைந்து முறை இதைச் செய்தவருக்கு வேட்கை என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வழி என்பது எண்வழிப் பாதை: நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நல்லூக்கம், நற்கடைப்பிடி, நல்லமைதி. இவை எட்டு மாடிப்படிகள் போல ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போகிறவை கிடையாது, ஒன்றுக்கொன்று துணையாக வளர்பவை. எட்டில் மூன்று, பேச்சும் செயலும் பிழைப்பும், நேராக நடத்தையைப் பற்றியவை. பிழைப்பைப் பொறுத்தவரை ஐந்து வணிகங்களை உபாசகர் தவிர்க்கச் சொல்கிறது பாலி நூல்: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, போதைப்பொருள், நஞ்சு.

ஐந்து சீலங்கள்: உண்மையான முதல் படி

உயிரைக் கொல்லாமை, கொடுக்காததை எடுக்காமை, தவறான காமத்தில் ஈடுபடாமை, பொய் பேசாமை, அறிவை மயக்கும் மது முதலியவற்றைத் தவிர்த்தல். இவை மேலிருந்து வந்த கட்டளைகள் இல்லை. மீறினால் தண்டிக்க யாரும் உட்கார்ந்திருக்கவும் இல்லை. 'இந்தப் பயிற்சியை நான் ஏற்கிறேன்' என்று நாமே சொல்லி எடுத்துக்கொள்கிறோம். தவறினால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.

தினமும் காலையில் ஒரு முறை ஐந்தையும் சொல்லுங்கள். பாலியில்தான் சொல்ல வேண்டும் என்று இல்லை. பாலி பிடித்தால் 'பாணாதிபாதா வேரமணி சிக்காபதம் சமாதியாமி' என்று முதல் சீலத்தைச் சொல்லிப் பழகலாம். மற்ற நான்கிலும் தொடக்கம் மட்டுமே மாறும். ஐந்தையும் ஒரே நாளில் பிழையில்லாமல் காப்பது நடக்காது. அதனால் ஐந்தையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாரமும் ஒன்றின் மேல் மட்டும் கூர்ந்த கவனம் வைப்பது நல்ல ஏற்பாடு.

முதல் சீலத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வி கொசு. உரைநூல்கள் கொலைக்கு ஐந்து உறுப்புகள் சொல்கின்றன: ஓர் உயிர் இருக்க வேண்டும், உயிர் என்று தெரிந்திருக்க வேண்டும், கொல்லும் எண்ணம் வேண்டும், முயற்சி வேண்டும், அதனால் அது சாக வேண்டும். நடக்கும்போது தெரியாமல் எறும்பை மிதிப்பது இதில் வராது. கொசுவை அடிப்பது வரும். வலை கட்டுங்கள், தண்ணீர் தேங்காமல் பாருங்கள், கை தன்னால் ஓங்கும்போது அதைக் கவனியுங்கள். அந்த ஓங்கும் கையைப் பார்ப்பதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது. இறைச்சி உண்பது பற்றிப் பௌத்தருக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமல், கேட்காமல், சந்தேகிக்காமல் இருந்தால் பிக்கு அதை ஏற்கலாம் என்கிறது துறவிகளுக்கான விதிநூலான பாலி விநயம். பிற்கால மரபான மகாயானத்தின் நூல்கள் சில இறைச்சியையே மறுக்கின்றன. இதை முதல் மாதத்திலேயே தீர்த்துவிடத் தேவையில்லை.

இரண்டாவது சீலம் அலுவலகப் பேனாவில் தொடங்கும். மூன்றாவது, ஏமாற்றோ வற்புறுத்தலோ அடுத்தவர் வாழ்வில் கைவைப்பதோ இல்லாத உறவு.

ஐந்திலும் கடினம் நான்காவது. பெரிய பொய்களை எளிதில் விடலாம்; 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்று வீட்டிலிருந்தே சொல்வதை விடுவது கஷ்டம். சரிபார்க்காமல் மற்றவருக்கு அனுப்பிவைக்கும் செய்தியும் இதில் சேரும் என்பது என் கருத்து. அதற்காக உண்மை என்ற பெயரில் எல்லோரையும் குத்தவும் கூடாது. அபய இளவரசனிடம் புத்தர் வைத்த அளவுகோல் மூன்று: உண்மையா, பயனுள்ளதா, சொல்ல நேரம் இதுவா. உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தாலும் நேரம் பார்த்தே பேசுவேன் என்றார் அவர்.

ஐந்தாவதில் 'அளவாகக் குடிக்கலாமா' என்று பேரம் நடக்கும். மரபின் பதில் தவிர்ப்பதே. ஏற்க முடியாதவர்கள் ஒரு மாதம் மட்டும் முழுதாக நிறுத்திப் பாருங்கள், பிறகு பேசுவோம். குடிப்பழக்கம் நெடுநாளாகக் கடுமையாக இருந்தால் திடீரென்று நிறுத்துவது உடலுக்கு ஆபத்து. மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

இரவில் ஒரு கணக்குப் பார்ப்பு. புத்தர் தன் மகன் ராகுலனுக்கு, கண்ணாடி எதற்குப் பயன்படும் என்று கேட்டுவிட்டு, செயலுக்கு முன்னும் செய்யும்போதும் செய்த பின்னும் 'இது எனக்கோ பிறருக்கோ துன்பம் தருமா' என்று பார்க்கச் சொன்னார். தவறு நடந்துவிட்டால் அறிவுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டு, இனி அடக்கமாக இருக்க வேண்டும். சரியாக நடந்திருந்தால் மகிழ்ச்சியோடு பயிற்சியைத் தொடர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். குற்ற உணர்வில் உழல்வது இங்கே பயிற்சியாகாது.

சீலத்துக்கும் தியானத்துக்கும் உள்ள தொடர்பு அனுபவத்திலேயே தெரியும். மதியம் ஒருவரைக் கத்திவிட்டு மாலை உட்கார்ந்தால் மனம் அந்தச் சண்டையைத்தான் ஓட்டும். கத்தாத நாளில் உட்காருவது எளிது.

தானம் பற்றி இரண்டு வார்த்தை. தொகை பெரிதாக இருக்க வேண்டியதில்லை, தொடர்ந்து நடக்க வேண்டும். பணம் இல்லாவிட்டால் நேரம், உழைப்பு, ஒருவர் பேசுவதை முழுதாகக் கேட்பது. கொடுக்கும் முன்னும் கொடுக்கும்போதும் கொடுத்த பின்னும் மனம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள், போதும்.

இப்போது உட்காரலாம்

சீலத்தோடு ஒரு மாதம் ஓடிய பிறகு தியானத்தைச் சேர்த்துக்கொள்வது என் பரிந்துரை. அதற்குள் ஆசை வந்தால் தடுக்கவில்லை. தினமும் 10 நிமிடம், ஒரே நேரம், ஒரே இடம். காலைக் கடன் முடித்து, வயிறு நிறைவதற்கு முன் உட்காருவது பலருக்கு ஒத்துவருகிறது. சம்மணம் போட முடியாதவர் நாற்காலியில் உட்காரலாம். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், உடம்பு விறைக்கக் கூடாது. சிலை, ஊதுவத்தி, மணி எதுவும் தொடங்கத் தேவையில்லை.

மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி பெரும்பாலான மரபுகளுக்குப் பொது. மூச்சை மாற்ற வேண்டாம். நீண்ட மூச்சு என்றால் நீண்டது என்று அறியுங்கள், குறுகியது என்றால் குறுகியது என்று அறியுங்கள். மூக்கு நுனியிலோ மேலுதட்டிலோ காற்று படும் இடத்தைக் கவனிப்பது ஒரு முறை. வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பது மகாசி சயாடோ (1904–1982) பரப்பிய முறை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே இருங்கள். வாரம் ஒரு முறையாக மாற்றுவதுதான் தொடக்கக்காரரைக் கெடுக்கும் பழக்கம். மனம் நிற்கவே இல்லை என்றால் ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்று முதல் பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றுக்கு வாருங்கள். எண்ணிக்கை தவறினாலும் ஒன்றுதான்.

மனம் ஓடும். ஓடிவிட்டது என்று தெரிகிற அந்த நொடியே நற்கடைப்பிடி, அதாவது விழிப்பான கவனம்; திட்டாமல் மூச்சுக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் நாற்பது முறை திரும்பினால் நாற்பது முறை பயிற்சி நடந்திருக்கிறது.

மரபு ஐந்து தடைகளைச் சொல்கிறது: புலனாசை, வெறுப்பு, சோம்பலும் தூக்கமும், பரபரப்பும் வருத்தமும், ஐயம். இவை வந்தால் தோல்வி என்று எண்ண வேண்டாம். பெயர் சொல்லி அடையாளம் காண்பதே பாதி வேலை. தூக்கத்துக்குப் புத்தர் தந்த பட்டியல் சுவாரஸ்யமானது. பிற்காலத்தில் தலைமைச் சீடராகப் போற்றப்பட்ட மொக்கல்லானரே உட்கார்ந்தபடி தூங்கி வழிந்தார். தூக்கம் வரவைக்கும் நினைப்பை விடு, கேட்ட அறத்தை நினைத்துப் பார், வாய்விட்டு ஓது, காது மடலை இழு, கை கால்களைத் தேய், எழுந்து கண்ணைக் கழுவி வானத்து நட்சத்திரங்களைப் பார், ஒளியை மனத்தில் கொண்டு வா, முன்னும் பின்னும் நட. எதுவும் உதவவில்லையா, வலப்பக்கம் சாய்ந்து படு, எழுந்துகொள்ளும் எண்ணத்தோடு. ஞானிகளுக்கே இந்த நிலை என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பரபரப்பு அதிகமுள்ளவர்கள் நடை தியானத்தை முயலலாம். பதினைந்து இருபது அடி நீளத்தில் மெதுவாக முன்னும் பின்னும், பாதம் எழுவதையும் தரையில் படுவதையும் அறிந்தபடி. அளவுக்கு மீறி முயல்கிறவர்களுக்கு சோணர் என்ற பிக்குவின் கதை. கால் புண்ணாகும் வரை நடந்து பயின்று, பலன் இல்லையென்று துறவையே விடலாமா என்று நினைத்தார். வீணை வாசிப்பில் தேர்ந்தவர் அவர். நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை வருமா என்று புத்தர் கேட்டார்.

வாரத்தில் ஓரிரு நாள் மூச்சுக்குப் பதில் மெத்தா, அதாவது அன்பெண்ணம் பயிலுங்கள். 'நலமாக இருக்கட்டும், பகையின்றி இருக்கட்டும்' என்று தனக்கும், பிறகு மதிப்புக்குரிய ஒருவருக்கும், முகம் மட்டும் தெரிந்த ஒருவருக்கும், கடைசியில் ஒத்துப்போகாதவருக்கும் நினையுங்கள். முதல் நாளே பரம விரோதியிடம் போக வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள், பழைய அதிர்ச்சிகள் மேலெழுந்து நிலைகுலைகிறவர்கள், நீண்ட தியானத்தில் இறங்கும் முன் மருத்துவரிடம் பேசுங்கள். தியானத்தை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

படிப்பது, ஆசான், சங்கம்

முதலில் தம்மபதம். 26 இயல்களில் 423 பாடல்கள். தினம் ஒன்று படித்தால் போதும். அடுத்து, இல்லறத்தாருக்கென்றே சொன்ன சிகாலனுக்கான அறிவுரை. பெற்றோர், ஆசிரியர், துணை, நண்பர், பணியாளர், துறவி என்று உறவுகளின் கடமைகளைச் சொல்வது. தமிழ் ருசியோடு வேண்டுமென்றால் மணிமேகலையின் கடைசிக் காதைகள் இருக்கின்றன, ஆனால் சார்பிற் தோற்றமும் (ஒன்றைச் சார்ந்தே மற்றொன்று தோன்றும் என்ற கொள்கை) அளவையும் (தர்க்கம்) அங்கே அடர்த்தியாக வரும், பொறுமை வேண்டும். நுணுக்கமான தத்துவ நூல்களான அபிதம்மத்தையும் மகாயானத் தத்துவ ஆசிரியர் நாகார்ஜுனரையும் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். புத்தர் படத்தோடு சுற்றும் பொன்மொழிகளில் பல அவர் சொன்னவை அல்ல; எந்த நூல் என்று போடாததைப் பொருட்படுத்தாதீர்கள்.

தேரவாதம், ஜென், தூய நிலம், திபெத்திய வஜ்ரயானம், அம்பேத்கர் 1956-இல் தொடங்கிவைத்த நவயானம் என்று மரபுகள் பல. எது உயர்ந்தது என்ற வாதத்தில் நேரம் போக வேண்டாம். அருகில் எதற்கு நல்ல ஆசானும் தொடர்ந்து வரும் நண்பர்களும் இருக்கிறார்களோ, அதில் தொடங்குங்கள். நல்ல நட்பு இந்த வாழ்க்கையில் பாதி என்று சீடர் ஆனந்தர் சொன்னபோது, அப்படிச் சொல்லாதே, முழுவதுமே அதுதான் என்று திருத்தினார் புத்தர்.

ஆசானை அவசரமில்லாமல் சோதியுங்கள். தன்னையே ஆராய்ந்து பார்க்கும்படி பிக்குகளிடம் சொன்னவர் புத்தர். 'எனக்கு ஞானம் கிட்டிவிட்டது' என்று விளம்பரம் செய்பவரிடம் கவனமாக இருங்கள். பிக்கு தெரிந்தே அப்படிப் பொய் சொன்னால் அது துறவையே இழக்கும் குற்றம். உண்மையாகவே கிட்டியிருந்தாலும் இல்லறத்தாரிடம் சொல்லக் கூடாது என்பது விநயம். ரகசியம் காக்கச் சொல்பவர், குடும்பத்தை வெட்டச் சொல்பவர், பணத்திலோ உடலிலோ கைவைப்பவர் என்றால் கிளம்பிவிடுங்கள்.

விகாரைக்குப் போனால் செருப்பைக் கழற்றுங்கள், சிலைக்கு நேரே காலை நீட்டாதீர்கள், ஸ்தூபியை வலமாகச் சுற்றுங்கள். பிக்குவுக்குக் கை கொடுப்பதற்குப் பதில் கும்பிடுங்கள். மற்றதை அங்கே இருப்பவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பத்து நாள் விபாசனா முகாம் பற்றிக் கேட்பீர்கள். கோயங்கா (1924–2013) மரபில் கட்டணம் கிடையாது. முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. காலை 4 மணிக்கு எழ வேண்டும், நாளுக்குச் சுமார் 10 மணி நேரம் உட்கார வேண்டும், பேச்சு, கைப்பேசி, புத்தகம், எழுத்து எதுவும் இல்லை. முதல் மூன்று நாள் மூச்சு, நான்காம் நாள் முதல் உடல் உணர்ச்சிகள். அங்கும் நுழைந்தவுடன் ஐந்து சீலம்தான். தினம் அரை மணி நேரம் வீட்டில் உட்காரப் பழகிய பிறகு போவது நல்லது. விண்ணப்பத்தில் உடல்நிலை, மனநிலை பற்றிய கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் எழுதுங்கள்.

சரணமும் உபோசதமும்

சில மாதங்கள் கழித்தும் இந்த வழி சரியென்று தோன்றினால் மும்மணிகளை, அதாவது புத்தர், அவர் போதித்த தம்மம், துறவியர் கூட்டமான சங்கம் ஆகிய மூன்றையும், சரணடையலாம். 'புத்தம் சரணம் கச்சாமி, தம்மம் சரணம் கச்சாமி, சங்கம் சரணம் கச்சாமி' என்று மூன்று முறை. இரண்டாம் முறை 'துதியம்பி', மூன்றாம் முறை 'ததியம்பி' என்று முன்னால் சேரும். தொடர்ந்து ஐந்து சீலங்கள். தேரவாதத்தில் ஒரு பிக்கு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்வது வழக்கம். திபெத்திய மரபில் லாமாவிடம் எடுக்கும்போது புதுப் பெயரும் தருவார்கள். நவயானத்தில் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் மக்களுக்குத் தந்த 22 உறுதிமொழிகளும் சேரும்.

அதன் பிறகு மாதம் ஒரு நாள், பௌர்ணமியன்று, உபோசதம் என்ற நோன்பு இருந்து பார்க்கலாம். அன்று ஐந்து எட்டாகும். மூன்றாவது சீலம் முழுப் பிரம்மச்சரியமாக மாறும். நண்பகலுக்குப் பிறகு உணவு இல்லை. ஆட்டம், பாட்டு, காட்சிகள், மாலை, நறுமணம், அலங்காரம் இல்லை. உயர்ந்த சொகுசான படுக்கை இல்லை. உடல்நிலை இடம் கொடுக்காதவர் உணவு விதியை மட்டும் விட்டு மற்றதைக் காக்கலாம். கைப்பேசித் திரையும் 'காட்சிகள்' கணக்கில்தான் வரும். முதல் முறை வைசாகப் பௌர்ணமிக்காகக் காத்திருக்க வேண்டாம், அடுத்து வருகிற பௌர்ணமி போதும்.